ஜும்மாவுக்குப் போகாதவனின் லீவு

எங்கள் கந்தோரில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், முஸ்லிம் ஆண் என்று இருப்பவன் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கு எழுந்து, மேசை லாச்சியைப் பூட்டி, ஜும்மாத் தொழுகைக்கென்று அரசாங்கம் தந்திருக்கும் இரண்டு மணித்தியால லீவில் வெளியே போவேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மோட்டார் சைக்கிளை எடுத்து, பள்ளிவாசலைக் கடந்து, நேரே எருக்கலம்பிட்டியில் ராத்தா வீட்டுக்குப் போய்விடுவேன். ராத்தா என்றால் என் மூத்த சகோதரி. அவள் வீட்டு விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு அதில் விழுந்தால் ஒன்றேமுக்கால்வரை எனக்கு உலகம் இல்லை.

இதில் எனக்கு வெட்கம் ஏதும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலருக்கு நன்றாகத் தொழவரும், சிலருக்கு நன்றாகச் சமைக்கவரும், எனக்கு நன்றாக நித்திரை வரும். ராத்தாதான் வாராவாரம் பேசுவாள். மச்சானும் பிள்ளைகளும் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள்.

"ஊரே பள்ளியில நிக்குது, நீ இங்க வந்து கிடக்கிறாய். கபுறுக்குள்ள கேள்வி கேக்கேக்க என்ன சொல்லப்போறாய்?" என்று கேட்டபடியே இன்னொரு அகப்பை சோறு போடுவாள். கபுறு என்றால் மண்ணறை. அங்கே போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நான் இறைச்சித் துண்டைத் தேடுவேன்.

அந்த நித்திரைக்கு ஒரு காரணம் உண்டு. கந்தோரில் நான் முழுநேர முஸ்லிம். எனக்குச் சம்பளம் தருவது காணிக் கோப்புகளைப் பார்ப்பதற்கு. ஆனால் இந்த முறை பெருநாள் ஏன் ஒருநாள் பிந்தியது, புரியாணிக்கு எப்போது நெய் விடுவது, எங்கோ ஓர் அரபு நாட்டில் எவனோ ஒருவன் நாலாவது கல்யாணம் கட்டியது சரியா என்று எல்லா விளக்கமும் கேட்டு என் மேசைக்குத்தான் வருவார்கள். சர்வமதக் கூட்டம் என்றால் குத்துவிளக்கின் ஒரு திரி எனக்கென்று காத்திருக்கும். அந்தத் திரியைக் கொளுத்திக் கொளுத்தியே எனக்கு விரலில் தழும்பு வந்துவிட்டது. நோன்பு மாதத்தில் நிலைமை இன்னும் மோசம். எனக்கு முன்னால் ஒருவரும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அவ்வளவு மரியாதை. அதனால் நானும் குடிக்கமுடியாது. ஒரு நோன்பில் தாகம் தாங்காமல் பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குள் போத்தலோடு நழுவினேன். அங்கே எங்கள் மூத்த லிகிதர், அதாவது எழுத்தர், எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவர், எனக்கு மரியாதை செய்வதற்காக ஒளிந்து நின்று, மீன் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நான் குடித்தேன், அவர் கடித்தார். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை.

ராத்தா வீட்டில் நான் முஸ்லிம் இல்லை. அங்கே எல்லோரும் முஸ்லிம் என்பதால் அது ஒரு விஷயமே இல்லை. அங்கே நான் சோம்பேறித் தம்பி, தேங்காய் துருவித் தராதவன், வாய் பிளந்து தூங்குகிறவன். வாரத்தில் அந்த இரண்டு மணித்தியாலம்தான் யாருக்கும் எதையும் விளங்கப்படுத்தாமல் இருக்கும் நேரம். சமயத்துக்கென்று தந்த லீவில்தான் எனக்குச் சமயத்திலிருந்து லீவு கிடைத்தது. அது போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

மன்னாரில் யார் பெரும்பான்மை என்பது பெரிய சிக்கல். நாட்டுக் கணக்கில் பார்த்தால் எங்கள் கந்தோரில் எல்லோருமே சிறுபான்மை. மன்னாரில் கத்தோலிக்கர் தொகை கூட, ஆகவே சைவக்காரர்கள் இங்கே தங்களைச் சிறுபான்மை என்பார்கள். இருவரும் கொழும்புக்கு பஸ் ஏறினால் ஒன்றாகச் சேர்ந்து சிறுபான்மை ஆகிவிடுவார்கள். எங்களுக்கு பஸ்கூடத் தேவையில்லை. சின்ன வயதில், யுத்த காலத்தில், இயக்கம் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் துரத்திய பிறகு புத்தளத்தில் முகாமில் வளர்ந்தேன். அங்கே சுற்றிவர முஸ்லிம்கள்தான், ஆனாலும் எங்களை வடக்கான் என்று ஒதுக்கிவைத்தார்கள். வளர்ந்து திரும்பிவந்தால் இங்கே புத்தளத்தான் என்கிறார்கள். மன்னார்த் தீவில் சந்தேகமில்லாத பெரும்பான்மை கழுதைதான். அது நடுவீதியில் நின்றால் ஆமி ஜீப்பும் நிற்கவேண்டும். அதனிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

எங்கள் கந்தோர்ப் பெரியவர், அதாவது தலைமை அதிகாரி, பெருநிலப் பக்கத்து வயல்கார ஊரிலிருந்து வந்த சைவர். நல்ல மனுஷன். நான் அதை நக்கலாகச் சொல்லவில்லை. முஸ்லிம் பெயர் கொண்ட சிலர் தேவாலயங்களில் நடத்திய உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த நாட்களில், பல வருஷமாக என்னைத் தெரிந்த வாசல் காவலாளி ஒரு காலையில் என் சோற்றுப்பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே சோறும் சூடை மீன்பொரியலும் இருந்தன. அவன் பொரியலைத் தடியால் கிளறிப் பார்த்தான். அதற்கு முதல்நாள்தான் கத்தோலிக்கரான அக்காவின் மேசையருகே நின்று அவரோடு சேர்ந்து அழுதிருந்தேன். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் அழுதவனின் பெட்டியையும் கிளறத்தான் செய்தார்கள். பெரியவர் மேல்மாடியிலிருந்து அதைக் கண்டு இறங்கி வந்து, "அந்தத் தம்பியின்ர சாப்பாட்டில கை வச்சா நீ நாளைக்கு இங்க நிக்கமாட்டாய்" என்று காவலாளியை ஏசினார். அன்று அவர்மேல் எனக்கு வந்த அன்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அந்தப் பெரியவர்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓலைத்தொடுவாய்ப் பக்கம் காணி பார்க்கப் புறப்பட்டார். சாரதி ஏதோ குறுக்குவழி தெரியும் என்று ஊருக்குள்ளால் ஜீப்பை விட்டிருக்கிறான். திங்கட்கிழமை காலை என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, வெள்ளிக்கிழமை உங்களை எருக்கலம்பிட்டியில கண்டனான்."

"அப்பிடியோ சேர்? கூப்பிட்டிருக்கலாமே."

"நீங்கள் நித்திரை."

நான் மாற்றிக் கட்டியிருந்த சாரம் எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்க விருப்பமாக இருந்தது. கேட்கவில்லை.

"பாருங்கோ, நான் சமயம் பாக்கிற ஆள் இல்லை," என்றார். "எனக்கு எல்லாரும் ஒண்டு. அதாலதான் சொல்லுறன். அந்த லீவு தொழுகைக்குத் தந்தது. தொழப் போகாட்டி அது லீவு இல்லை, களவு."

களவாம். சிவராத்திரிக்கு மறுநாள் இவர் மேசையில் தலையைச் சாய்த்துக் குறட்டை விடுவதும், நாங்கள் மெதுவாகக் கதவைச் சாத்தி வருகிறவர்களுக்கு "சேர் கூட்டத்தில" என்று சொல்லி அனுப்புவதும் ஞாபகம் வந்தது. திருக்கேதீச்சரத்தில் நாலு சாமமும் நீங்கள் கண்விழித்ததை யார் பார்த்தது என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. மாதச் சம்பளக்காரனின் நாக்கு அதோடு நின்றுவிட்டது.

"இந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளியில விசாரிப்பன்," என்றார். "நீங்கள் ஒழுங்கா வாறனீங்கள் எண்டு அங்கத்தைப் பெரியாக்கள் சொன்னா எனக்குப் பிரச்சினை இல்லை. இல்லாட்டி லீவை நிப்பாட்டத்தான் வேணும். பிறகு என்னில குறை சொல்லக்கூடாது."

அறையை விட்டு வெளியே வந்தபோது காது சூடாக இருந்தது. பள்ளித் தலைவரிடம் கேட்டால் என் கதை முடிந்தது. அவர் சந்தையடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஹாஜியார். ஆணி வாங்கப் போனாலும் "முதல்ல தொழு, பிறகு ஆணி அடி" என்பார். ஒருமுறை எனக்கு ஒரு பூட்டு விற்க மறுத்துவிட்டார். தொழாதவன் வீட்டில் களவெடுக்க என்ன இருக்கிறதாம். ஊரில் என்னை முழுதாக அறிந்த இருவரில் ஒருத்தி ராத்தா, மற்றவர் இவர்.

விஷயம் தெரிந்ததும் அக்கா பேனையை மேசையில் எறிந்தார். அவர் தாழ்வுபாடு என்ற மீன்பிடிக் கிராமத்துக்காரி, கடற்கரையில் நின்று பழகிய குரல்.

"என்னவாம்? பள்ளியில போய் விசாரிக்கப்போறாராமோ? நான் செவ்வாய்க்கிழமையில மூண்டரைக்கு அந்தோனியாரின்ர நவநாளுக்கு எண்டு போறன். நான் கோயிலுக்குத்தான் போறனோ மீன் வாங்கப் போறனோ எண்டு ஆரும் சுவாமியாரிட்டக் கேட்டவையோ?"

அக்காவின் நவநாள் வழிபாடு பலமுறை மீன் சந்தையில் நடந்ததை நானே கண்டிருக்கிறேன். அதை அவரே வாய்விட்டுச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். இதோ ஒருவருக்கு விளங்கிவிட்டது, இனி நீதி கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அக்கா விறுவிறுவென்று பெரியவரின் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. அவர் குரலுக்குக் கதவு இருந்தும் பயனில்லை.

"சேர், நீங்கள் தம்பியைப் பிழையா நினைக்கிறீங்கள். அவர் சரியான பக்தி. நோன்பு நேரம் ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சதை நான் கண்ணால காணேல்லை."

மாதா சத்தியமாக என்றும் சேர்த்தார். வெளியே வந்து எனக்குக் கண்ணடித்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, நான் பக்தி எண்டு ஆர் சொல்லச் சொன்னது? உங்களுக்கு நவநாள் மாதிரித்தான் எனக்கும் ஜும்மா. போனாலும் போகாட்டியும் அது என்ர லீவு. நல்ல முஸ்லிம் எண்டு காட்டினாத்தான் தருவினம் எண்டா எனக்கு அது வேண்டாம்."

"ஓம், உங்கட உரிமைதான். ஆர் இல்லை எண்டது?" என்றார் அக்கா. "இந்த ஒரு வெள்ளி போய்த் தொழுது அந்த உரிமையைக் காப்பாத்திப்போட்டு, அடுத்த வெள்ளி போய்ப் படுங்கோ."

நல்லெண்ணத்தோடு சண்டை பிடிப்பதைப்போல் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. ஏசுகிறவனைத் திருப்பி ஏசலாம். உனக்காகப் பொய்ச் சத்தியம் செய்கிறவரை என்ன செய்யமுடியும்?

வெள்ளிக்கிழமை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கோப்பை விரித்துவைத்துக்கொண்டு பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். ராத்தா வீட்டுக்கும் இல்லை, பள்ளிக்கும் இல்லை. லீவே வேண்டாம் என்ற வீறாப்பு. பள்ளியிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. சாதாரணமாக அந்த நேரம் நான் மோட்டார் சைக்கிளில் இருப்பேன், அதனால் கந்தோருக்குள் அது இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பதே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மேசையாகத் தலைகள் என் பக்கம் திரும்பின. எவருடைய முகத்திலும் வெறுப்பு இல்லை. எல்லோரும் என்னைச் சொர்க்கத்துக்கு வழியனுப்பக் காத்து நின்றார்கள்.

அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தொப்பியை எடுத்தார். அவருடைய புருஷன் கட்டாரில் வேலை செய்தபோது யாரோ கொடுத்ததாம். என் தலைக்கு அது பெரிது, காதில் வந்து இறங்கியது.

"எழும்புங்கோ தம்பி. நேரம் போகுது. நான் கொண்டுபோய் விடுறன்."

"எனக்குப் போகத் தெரியும்."

"தெரியும். ஆனா நீங்கள் இடையில திரும்பிப்போடுவியள்."

கழுத்தில் சிலுவை தொங்கும் ஒரு பெண் தன் ஸ்கூட்டியின் பின்னால் தொப்பி போட்ட நாற்பது வயது ஆணை ஏற்றிக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் வந்து நிறுத்தியதை மன்னார் நகரம் அன்றுதான் முதல்முதலாகக் கண்டிருக்கும். செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் கழற்றுவதை நிறுத்தினார்கள். அக்கா அவர்களைப் பார்த்து, "ஆளை உள்ளுக்கு விடுங்கோ, வெளியால வர விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கைகால் முகம் கழுவினேன். அவர் எந்தக் காலை முதலில் கழுவுகிறார் என்று கள்ளத்தனமாகப் பார்த்தேன். உள்ளே கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தரை குளிர்ந்திருந்தது. அத்தர் வாசமும், மழிக்கப்பட்ட கன்னங்களின் சவர்க்கார வாசமும் வந்தன. எனக்கு அந்த வாசம் பிடிக்கும், சின்ன வயதில் வாப்பாவின் சேட்டில் இருந்த வாசம். வேறொரு நாள் நானாக வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் நெற்றியைத் தரையில் வைத்தபோதும் எனக்குள் பெரியவர்தான் நின்றார். அல்லாஹ்வுக்காகக்கூட வராத இடத்துக்கு ஒரு தலைமை அதிகாரிக்காக வந்திருக்கிறேன். அதை நினைக்க அழுகை வந்தது. வெட்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

தொழுகை முடிந்து கூட்டம் கலையும்போது ஹாஜியாரின் கை என் தோளில் விழுந்தது. நான் தப்பிக்க முன்பே தூணோடு சாய்த்துவிட்டார்.

"இண்டைக்கு மழை வரும்," என்றார். "தொப்பி ஆருட?"

"கந்தோரில ஒரு அக்காட."

"உன்ர பெரியவர் போன் எடுத்தவர். இண்டைக்கு விடியப்புறமே எடுத்திட்டார். நீ ஒழுங்கா ஜும்மாவுக்கு வாறனியோ எண்டு கேட்டார்."

அக்காவின் ஸ்கூட்டி, தொப்பி, தொட்டித் தண்ணீர் எல்லாமே பிந்திவிட்டன. "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு வெள்ளியும் விடாம வாறான், முன் வரிசையிலதான் நிப்பான் எண்டு சொன்னன்."

பூட்டுக்கூட விற்க மறுத்த மனுஷன்.

"ஹாஜியார், அது பொய்."

"பொய்தான். அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுவன், அது என்ர பாடு." அவர் குரலைத் தாழ்த்தவும் இல்லை. "நீ தொழாததை நான் உன்ர மூஞ்சைக்கு நேர சொல்லுவன். உன்ர வாப்பா மௌத்தாகாம இருந்தா அவருக்கும் சொல்லுவன். கந்தோருக்கு ஏன் நான் சொல்லோணும்? நாங்க ஆர், எங்க போறம், எங்க படுக்கிறம் எண்டு கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு மகன். முகாமிலயும் சொன்னம், திரும்பி வரேக்கயும் சொன்னம், குண்டு வெடிச்ச நேரமும் சொன்னம். இனி ஏலாது."

காதில் இறங்கிய தொப்பியை மேலே ஏற்றினேன். "அப்ப அடுத்த வெள்ளி?"

"வந்தா வா. வராட்டி ராத்தா வீட்ட போய்ப் படு. நான் பாக்கமாட்டன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "அல்லாஹ் பாப்பான், அது வேற," என்றார்.

வெயிலில் கந்தோருக்கு நடந்தே திரும்பினேன். அன்று பசித்தது, நித்திரையும் வந்தது, ஆனால் நடை லேசாக இருந்தது. என்னை விடாமல் தொழச் சொல்கிற ஒருவர் என்னைச் சும்மா இருக்க விட்டுவிட்டார். சமயம் பார்க்காத ஒருவர்தான் என்னைத் தொழச்சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்தக் கூத்தை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

என் கதிரையில் உட்கார முன்பே பெரியவர் தன் அறை வாசலுக்கு வந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. எனக்குக் கதிரை இழுத்துப்போட்டார்.

"விசாரிச்சனான் தம்பி. பள்ளித் தலைவர் உங்களைப் பற்றி நல்லாச் சொன்னவர். முன் வரிசையாமே. அண்டைக்கு உங்களுக்கு ஏதும் சுகமில்லாம இருந்திருக்கும், நான்தான் பிழையா நினைச்சிட்டன். அந்தச் சொல்லையும் சொல்லியிருக்கக்கூடாது. மனசில வச்சிருக்காதேங்கோ."

மன்னிப்புக் கேட்கிறார். எங்கள் கந்தோரில் எந்த அதிகாரியும் எந்த லிகிதரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. கேட்கவேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கேட்டார். ஹாஜியாரின் பொய்யை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த முறை என் நாக்கு நுனியோடு நிற்கவும் இல்லை.

"சேர், மற்ற ஆக்களைப் பற்றியும் விசாரிச்சனீங்களோ?"

"எந்த ஆக்கள்?"

"இந்தக் கந்தோரில கோயிலுக்குப் போறம் எண்டு போற மற்ற எல்லாரும்."

அவர் கோபிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினார். நான் சொன்னதற்குள் ஏதோ ஒரு கேள்வி இருக்கிறது, அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும் என்று நேர்மையாக முயன்றார்.

"அவையைப் பற்றி என்னத்தைத் தம்பி விசாரிக்கிறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார்.